போளூரில் பிறந்தாலும் ‘இலங்கை அகதி’யா? திரும்பிப் போவதா, இங்கேயே தங்குவதா... 40 ஆண்டுகளாக முடியாத கேள்வி - முழு விளக்கம்

போளூர் அரசு மருத்துவமனையில் மூன்று குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் குழந்தை 1986ல், இரண்டாவது 1995ல், மூன்றாவது 2006ல்.

முதல் இரண்டு குழந்தைகளின் அப்பா, அம்மா இருவருமே படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள். மூன்றாவது குழந்தைக்கு அப்பா போளூர்க்காரர். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். அம்மா மட்டும் 1990ல், சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர்.

மூவருக்கும் பிறந்த ஊர் ஒன்றுதான். இவர்களில் சட்டப்படி யார் இந்தியர்?

முதல் குழந்தை மட்டும்தான். அப்பா இந்தியராக இருந்தும், மூன்றாவது குழந்தை பிறப்பால் இந்தியர் ஆக முடியாது!

இது ஒரு உதாரணக் கணக்கு. ஆனால் தமிழ்நாட்டின் முகாம்களில் பல ஆயிரம் குடும்பங்கள் இப்படிப்பட்ட கணக்குக்குள்தான் வாழ்கின்றன. இவர்களைத் திருப்பி அனுப்ப அரசிடம் திட்டம் இருக்கிறதா? இங்கேயே குடியுரிமை தர வழி இருக்கிறதா? உலகத்தில் வேறு எங்காவது இது தீர்க்கப்பட்டிருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முக்கிய அம்சங்கள்

* 1983 முதல் இலங்கையில் இருந்து இந்தியா வந்தவர்கள் 3,04,269 பேர். இது 2012 வரையிலான அரசுக் கணக்கு.
* அரசே ஏற்பாடு செய்து திருப்பி அனுப்பியது 1995 மார்ச் வரை மட்டுமே. அதுவரை அனுப்பப்பட்டவர்கள் 99,469 பேர்.
* 2021 கணக்குப்படி, முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்து 34,087 பேரும் வசித்தனர்.
* 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை.
* 2025ல் தண்டனையில் இருந்து விலக்கு கிடைத்தது. ஆனால் அது குடியுரிமை அல்ல.

கடலே இல்லாத மாவட்டத்துக்கு எப்படி வந்தார்கள்?

வேலூர் - திருவண்ணாமலை சாலையில், ஜவ்வாது மலைக்கு ஏறும் வழியில் இருக்கிற ஊர் போளூர். ராமேஸ்வரத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவே பாதித் தமிழ்நாடு கிடக்கிறது. இருந்தாலும், இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ள மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று.

காரணம் எளிமையானது. தனுஷ்கோடி, ராமேஸ்வரம் கரையில் இறங்கியவர்கள் முதலில் மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே விசாரணை, பதிவு. அதன்பிறகு எந்த மாவட்டத்தில் இடம் இருக்கிறதோ அங்கே லாரியிலும் பஸ்ஸிலும் அனுப்பி வைக்கப்பட்டார்கள். பல இடங்களில் குடோன்களும் தற்காலிகக் கொட்டகைகளும்தான் முதல் வீடு. ‘கொஞ்ச நாள்தானே’ என்று போடப்பட்ட கொட்டகைகளில் மூன்றாவது தலைமுறை பிறந்துவிட்டது.

வருகை நான்கு அலைகளாக நடந்தது.

* முதல் அலை: 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, 1987 வரை. சுமார் 1.34 லட்சம் பேர்.
* இரண்டாவது அலை: 1989 ஆகஸ்ட் முதல் 1991 ஏப்ரல் வரை. சுமார் 1.22 லட்சம் பேர்.
* மூன்றாவது அலை: 1996 முதல் 2003 வரை. சுமார் 22 ஆயிரம் பேர்.
* நான்காவது அலை: 2006ல் மீண்டும் சண்டை தொடங்கியதும். சுமார் 24 ஆயிரம் பேர்.

இவை தவிர, 2022ல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்தபோதும் சிலர் குடும்பம் குடும்பமாக தனுஷ்கோடி கரைக்கு வந்தார்கள். இவர்கள் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து வந்தவர்கள் இல்லை; அரிசி விலையையும் பால் பவுடர் விலையையும் தாங்க முடியாமல் வந்தவர்கள்.

முகாம் வாழ்க்கை இப்போது எப்படி?

முன்பு ‘அகதிகள் முகாம்’ என்று இருந்த பெயர், 2021 ஆகஸ்ட்டில் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் ரூ.317.40 கோடிக்கான திட்டங்களை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதில் பெரிய பகுதி. 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட இடம், வேலூர் மாவட்டம் மேல்மொணவூர். போளூரில் இருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான்.

மாத உதவித்தொகையும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு ரூ.1,000 என்பது ரூ.1,500 ஆனது. மற்ற பெரியவர்களுக்கு ரூ.750ல் இருந்து ரூ.1,000. குழந்தைகளுக்கு ரூ.400ல் இருந்து ரூ.500. ரேஷன் அரிசி உண்டு. பள்ளிப் படிப்பு உண்டு. கல்லூரிப் படிப்புக்கு உதவியும் உண்டு.

அப்போ பிரச்னை எங்கே?

படித்து முடித்த மறுநாள்தான் பிரச்னை ஆரம்பம். குடியுரிமை கேட்கும் எந்த அரசு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது. சட்டம் படித்தாலும் இந்தியக் குடிமகனாக இல்லாமல் வழக்கறிஞராகப் பதிவு செய்வது கடினம். இந்திய பாஸ்போர்ட் கிடையாது. ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. ஓட்டு கிடையாது. டிகிரி முடித்த பையன் கடைசியில் பெயின்டிங் வேலைக்குப் போவது முகாம்களில் சர்வ சாதாரணம். வேறு ஊருக்கு வேலைக்குப் போனாலும், முகாமில் ஆள் இருக்கிறாரா என்று கணக்கெடுக்கும் நாளில் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் பதிவே சிக்கலாகிவிடும்.

வீடு புதிதாகிவிட்டது. ஆனால் ‘நீங்கள் யார்?’ என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

திருப்பி அனுப்பும் திட்டம் இருந்ததா?

இருந்தது. 1987 ஜூலை 29ல் ராஜீவ் காந்தி - ஜெயவர்த்தனே ஒப்பந்தம் கையெழுத்தானதும், நிலைமை சீராகிவிடும் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர். ஆனால் சண்டை மறுபடி வந்தது. திரும்பிப் போனவர்களில் சிலர் இரண்டாவது தடவையாகப் படகேறி வந்தார்கள்.

அடுத்த கட்டம் 1992. இதுதான் இன்றும் சர்ச்சையாகப் பேசப்படுகிறது. 1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் அகதிகள் மீதான பார்வையே மாறிவிட்டது. முகாம்களுக்குள் தன்னார்வ அமைப்புகள் நுழையத் தடை வந்தது. 1992 ஜனவரியில் ஊருக்கு அனுப்பும் பணி தொடங்கியது.

‘விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள்’ என்றது அரசு. ‘வேறு வழியில்லாமல் போகிறார்கள், படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்’ என்று புகார் எழுந்தது. பழ.நெடுமாறனும் மருத்துவர் ராமதாஸும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே ஆண்டில், திரும்பிப் போகிறவர்களிடம் ‘உண்மையிலேயே விருப்பமா?’ என்று நேரில் கேட்டுச் சரிபார்க்க, ஐ.நா. அகதிகள் முகமை சென்னையில் செயல்பட இந்தியா அனுமதித்தது.

1992 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை சுமார் 54 ஆயிரம் பேர் அனுப்பப்பட்டார்கள். அதோடு சரி. அதன்பிறகு அரசு ஏற்பாட்டில் மொத்தமாக அனுப்புவது நடக்கவே இல்லை. 2009ல் போர் முடிந்த பிறகும் அப்படி ஒரு திட்டம் வரவில்லை.

இப்போது போக விரும்பினால் என்ன நடைமுறை?

சொந்த விருப்பத்தில் போகலாம். ஐ.நா. அகதிகள் முகமை விமான டிக்கெட்டுக்கும், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஆரம்பச் செலவுக்கும் உதவி செய்து வந்திருக்கிறது. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரு கட்டுக் காகிதம் சேர்க்க வேண்டும்.

* இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு, இங்குள்ள பிறப்புச் சான்றிதழை வைத்து சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அப்போதுதான் அவர்கள் இலங்கைக் குடிமக்களாக ஏற்கப்படுவார்கள்.
* பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தற்காலிகப் பயண ஆவணம் வேண்டும்.
* விசா இல்லாமல் வந்தவர்கள் என்பதால், இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும்.

முகாமில் பிறந்த பல பிள்ளைகளுக்கு முதல் காகிதமே இல்லாமல் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கும் வேலையை, 1984ல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் செய்து வருகின்றன.

சரி, காகிதம் எல்லாம் சேர்ந்துவிட்டால்? ஊரில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வடக்கு, கிழக்கில் இந்திய அரசு நிதியில் சுமார் 46 ஆயிரம் வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு போன்ற பகுதிகளில் ராணுவத்தின் கையில் போன காணிகள் எல்லாம் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. காணி இல்லாதவருக்கு வீட்டுத் திட்டத்தால் என்ன பயன்?

2025 மே மாதம் நடந்த ஒரு சம்பவம், போகலாம் என்று நினைத்தவர்களையும் யோசிக்க வைத்தது. ஐ.நா. அகதிகள் முகமையின் உதவியோடு தமிழ்நாட்டில் இருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். போர்க்காலத்தில் உரிய ஆவணம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. உயிர் தப்பப் படகேறியவரிடம், அன்றைக்கு ஏன் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்று கேட்பது போல இருந்தது அது. எதிர்ப்பு கிளம்பியதும், இந்த நடைமுறை மாற்றப்படும் என்று இலங்கை அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது.

இங்கேயே குடியுரிமை வாங்க முடியாதா?

இங்கேதான் போளூரின் அந்த மூன்று குழந்தைகளுக்குத் திரும்ப வேண்டும். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955ல் வந்தது. அதில் செய்யப்பட்ட இரண்டு திருத்தங்கள்தான் மூவரையும் மூன்று விதமாகப் பிரிக்கின்றன.

1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்: இந்திய மண்ணில் பிறந்தாலே போதும். பெற்றோர் யார் என்பது பொருட்டில்லை. அதனால் 1986ல் பிறந்த குழந்தை பிறப்பிலேயே இந்தியர். ஆனால் நடைமுறையில் அவரும் முகாம் பட்டியலிலேயே இருப்பார். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண், தனக்கு பாஸ்போர்ட் வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்ட்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டார். சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் உரிமை கையில் கிடைக்க 36 வயது ஆகிவிட்டது.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்: அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1995ல் பிறந்த குழந்தைக்கு இருவருமே இலங்கைத் தமிழர். அதனால் இவர் இந்தியர் இல்லை. கவனிக்க வேண்டிய விஷயம், இவர் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ் மீடியத்தில் படித்து, இலங்கையை டிவியில் மட்டும் பார்த்தவர்.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. 2006ல் பிறந்த குழந்தையின் அம்மா பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர். அவ்வளவுதான். போளூர்க்கார அப்பாவின் குடியுரிமை பிள்ளைக்கு வந்து சேராது.

பிறப்பால் கிடைக்காவிட்டால், விண்ணப்பித்து வாங்கலாமே? சாதாரணமாக ஒரு வெளிநாட்டவர் 12 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் அங்கேயும் கதவை அடைக்கிறது. 40 ஆண்டு வாழ்ந்தாலும் 12 ஆண்டு கணக்கு தொடங்குவதே இல்லை. இத்தனைக்கும் இவர்கள் அரசுக்குத் தெரியாமல் ஒளிந்து வாழ்பவர்கள் அல்ல. அரசே பதிவு செய்து, அரசே வீடு கொடுத்து, அரசே மாதாமாதம் பணம் கொடுப்பவர்கள்!

1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இல்லை. அதனால் சட்டத்தின் பார்வையில் ‘அகதி’ என்று ஒருவர் கிடையாது. வெளிநாட்டவர், அல்லது சட்டவிரோதக் குடியேறி. அவ்வளவே.

கப்பலில் வந்தவர் இந்தியர், படகில் வந்தவர் அகதி!

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புக்காரர்கள் அல்ல. கணிசமானோர் மலையகத் தமிழர்கள். அதாவது, வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள்.

1948ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1.5 லட்சம் பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்பது கணக்கு. 1974ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று இரு நாடுகளும் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி தலைமன்னாரில் இருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டமான டான்டீயில் பலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அதே தோட்டத்தில் இருந்து, கலவரத்துக்குப் பயந்து 1983க்குப் பிறகு படகில் வந்தவர் ‘அகதி’. அண்ணன் இந்தியர், தம்பி அகதி என்ற நிலை இப்படித்தான் உருவானது.

2019 ஜூன் மாதம், திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடர்ந்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க மத்திய அரசுக்கு மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் ஏன் இடம் இல்லை?

பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பவுத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் 2019 சட்டம் பொருந்தும். மத அடிப்படையிலான துன்புறுத்தலில் இருந்து தப்பி வந்தவர்களுக்கானது என்பது மத்திய அரசின் விளக்கம். இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், மற்றவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். ஆனால் அவர்கள் வந்த நாடு பட்டியலில் இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன திமுக, ஈழத்தமிழர்கள் விடுபட்டதையும் ஒரு காரணமாக வைத்தது. 2024 மார்ச் 11ல் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டபோதும் நாடுகளின் பட்டியல் மாறவில்லை.

2025ல் என்ன மாறியது?

ஒரு விஷயம் மாறியது. 2025 செப்டம்பர் 1ல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946ம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உள்பட நான்கு பழைய சட்டங்கள் நீங்கின. அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்று சொல்லப்பட்டது.

இதனால் என்ன நன்மை? ‘உன்னிடம் விசா இல்லை’ என்று வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளும் பயம் குறைகிறது. பெரிய நிம்மதிதான். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, இது குடியுரிமை அல்ல. குடியுரிமைச் சட்டத்தில் ‘சட்டவிரோதக் குடியேறி’ பட்டியலில் இருந்து விலக்கு பெற்ற நாடுகள் இன்னும் அதே மூன்றுதான். இரண்டு, 2022ல் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்தவர்கள் இந்தத் தேதிக்குள் வரவே மாட்டார்கள்.

அதே 2025 மே மாதத்தில், தண்டனை முடிந்து நாடு கடத்தலை எதிர்கொண்ட ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகம் முழுவதிலும் இருந்து வரும் அகதிகளைத் தங்க வைக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்ற கருத்தை உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகச் சொன்னதும் நினைவிருக்கலாம். முகாம்களில் அந்தச் செய்தி ஏற்படுத்திய கலக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

உலகம் இதை எப்படித் தீர்த்தது? வியட்நாம் காட்டும் பாடம்

ஐ.நா. கணக்கில் அகதிப் பிரச்னைக்கு மூன்று முடிவுகள்தான். சொந்த நாட்டுக்குத் திரும்புவது, தஞ்சம் புகுந்த நாட்டிலேயே கலந்துவிடுவது, மூன்றாவது நாட்டில் குடியேறுவது. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால், அது வியட்நாம் அகதிகளின் கதை.

1975 ஏப்ரல் 30ல் சைகோன் வீழ்ந்த பிறகு, லட்சக்கணக்கானோர் படகுகளில் கிளம்பினார்கள். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஹாங்காங் கரைகள் நிரம்பி வழிந்தன. சில நாடுகள் படகுகளைத் திரும்பக் கடலுக்கே தள்ளிவிட்டன.

1979 ஜூலையில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடின. ‘நாங்கள் கூட்டிக்கொண்டு போகிறோம், அதுவரை நீங்கள் இடம் கொடுங்கள்’ என்று அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் போன்ற நாடுகள் அண்டை நாடுகளுக்கு வாக்குக் கொடுத்தன. படகு வேண்டாம், விமானத்திலேயே முறையாகப் போகலாம் என்று ஒரு வழியை வியட்நாமும் ஐ.நா. அகதிகள் முகமையும் சேர்ந்து திறந்தன.

பத்து ஆண்டுகளில் சலிப்பு வந்தது. 1989 ஜூனில் மறுபடி ஜெனீவா. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வந்தவர்கள், தாங்கள் உண்மையான அகதிகள்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்று முடிவானது. ஹாங்காங்கில் அந்தத் தேதி 1988 ஜூன் 16. நிரூபித்தவருக்கு வேறு நாடு, நிரூபிக்க முடியாதவருக்கு வியட்நாம்.

இதில் கசப்பான பக்கமும் உண்டு. 1989 டிசம்பர் 12 அதிகாலையில், பெண்கள், குழந்தைகள் உள்பட 51 பேரை ஹாங்காங் அரசு கட்டாயமாக விமானத்தில் ஏற்றி அனுப்பியது. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. ‘விருப்பம்’ எங்கே முடிகிறது, ‘கட்டாயம்’ எங்கே தொடங்குகிறது என்று 1992ல் தமிழ்நாட்டில் எழுந்த அதே கேள்வி.

ஆனால் இங்கே இல்லாத இரண்டு விஷயங்கள் அங்கே இருந்தன.

முதலாவது, நாட்டை விட்டு அனுமதியின்றிப் போனதற்காகத் திரும்பி வருபவர்களைத் தண்டிக்க மாட்டோம் என்று வியட்நாம் அரசு ஐ.நா. அகதிகள் முகமையிடம் எழுத்தில் உறுதி கொடுத்தது. திரும்பிப் போனவர்களின் ஊருக்கே போய் ஐ.நா. அதிகாரிகள் பார்த்து வந்தார்கள். 1996ல் திட்டம் முடிவதற்குள் திரும்பியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பலாலியில் நடந்த கைதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இரண்டாவது, மிச்சம் இருந்தவர்களுக்கும் ஒரு முடிவு சொல்லப்பட்டது. எந்த நாடும் எடுத்துக்கொள்ளாத, வியட்நாமுக்கும் போக முடியாத சுமார் 1,400 பேர் ஹாங்காங்கில் எஞ்சி நின்றார்கள். 2000ம் ஆண்டில், ‘நீங்கள் இங்கேயே இருந்துகொள்ளலாம்’ என்று ஹாங்காங் அறிவித்தது. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் அவர்களின் கடைசி முகாம் மூடப்பட்டது. முதல் படகு வந்த 1975ல் இருந்து கணக்குப் போட்டால் 25 ஆண்டுகள்.

தமிழ்நாட்டுக்கு முதல் படகு வந்தது 1983ல். 40 ஆண்டுகள் தாண்டிவிட்டன.

அடுத்து என்ன செய்ய முடியும்?

‘எல்லோரையும் அனுப்பிவிட வேண்டும்’ என்பதும், ‘எல்லோருக்கும் குடியுரிமை’ என்பதும் கேட்க எளிது. ஆனால் ஒரே முகாமில், ஒரே வீட்டில்கூட, எல்லோருக்கும் ஒரே விருப்பம் இருப்பதில்லை. பாட்டிக்கு ஊர் மண்ணில் கண்ணை மூட வேண்டும். பேரனுக்கு இங்கேயே ஒரு வேலை வேண்டும். இருவரையும் ஒரே கட்டளையில் அடக்க முடியாது. அதனால்தான் சட்ட வல்லுநர்களும் மனித உரிமை அமைப்புகளும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

* 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள்: புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட நிர்வாகமே பட்டியல் எடுத்து அங்கீகரிக்கலாம். ஒவ்வொருவரும் கோர்ட் படி ஏற வேண்டியதில்லை.
* ஒரு பெற்றோர் இந்தியராக உள்ள பிள்ளைகள்: ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரையில் இருந்து பெற்றோருக்கு விலக்கு கொடுத்தால், பிள்ளைகளுக்கு வழி பிறக்கும்.
* மலையகத் தமிழர்கள்: 1964, 1974 ஒப்பந்தங்களில் இந்தியா ஏற்றுக்கொண்ட பொறுப்பின் மிச்சமாகவே இவர்களைப் பார்க்கலாம்.
* திரும்ப விரும்புபவர்கள்: கைது இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதி, காணி, பிள்ளைகளுக்கு இலங்கை ஆவணம். இந்த மூன்றையும் டெல்லியும் கொழும்பும் பேசி முடிக்க வேண்டும்.

குடியுரிமை முழுக்க மத்திய அரசின் அதிகாரம். மாநில அரசால் வீடு கட்டலாம், உதவித்தொகையைக் கூட்டலாம், பலகையில் பெயரை மாற்றலாம். குடிமகன் ஆக்க முடியாது. சென்னை எழுதும் கடிதத்துக்கு டெல்லி சொல்லும் பதிலில்தான் எல்லாம் நிற்கிறது.

கடைசியாக ஒரு முறை அந்த மூன்று பேரையும் பார்ப்போம். 1986ல் பிறந்தவருக்கு இப்போது 40ஐ நெருங்கும் வயது. உரிமை இருந்தும் அதைக் கேட்டு நடக்க வேண்டிய நிலை. 1995ல் பிறந்தவர் வேலை தேடும் வயதையே தாண்டிக்கொண்டிருக்கிறார். 2006ல் பிறந்தவருக்கு ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது. அப்பா வாக்குச்சாவடிக்குப் போகும்போது, அந்தப் பிள்ளை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

போவதா, இருப்பதா என்று அவர்கள் முடிவு செய்வதற்கு முன்னால், இரண்டு கதவுகளில் ஒன்றையாவது யாராவது திறக்க வேண்டும்.